108 நமஸ்காரம், 108 ரூபாய்: வடசென்னை யோகா மையத்துக்கு நிதி திரட்டும் முறை

ஆறு வாரம் ஒழுங்காகப் பழகினால் 108 சூரிய நமஸ்காரம் செய்ய உடம்பு தயாராகிவிடும். அதற்காக அக்கம்பக்கத்தார் எழுதிக்கொடுத்த 108 ரூபாயைக் கையில் வாங்குவதுதான் வேலை. நிகழ்ச்சி அருமையாக நடக்கும், போட்டோ நன்றாக வரும், பணத்தில் மட்டும் ஒரு பங்கு கணக்கு நோட்டிலேயே தங்கிவிடும். அதனால் இந்தக் குறிப்பில் ஆசனத்தைவிடக் கணக்கு நோட்டுக்கு இடம் அதிகம்.

முறை எளியது. மையத்தில் பயிலும் ஒருவர் தெரிந்தவர்களிடம் போய், "நான் இத்தனை நமஸ்காரம் செய்கிறேன், அதற்கு நீங்கள் மையத்துக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்கிறார். கல்யாண வீட்டு மொய் மேசையைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான், எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் வருகிறது. மொய்யில் பணத்தை வாங்கிக்கொண்டு பெயரை எழுதுகிறோம். இதில் பெயரை எழுதிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறோம். எத்தனை பேரை மொய் வழிக்குத் திருப்ப முடிகிறதோ, அந்த அளவுக்கு வசூல் நிற்கும்.

இன்னொன்று, இதற்கு 'சீட்டு' என்று பெயர் வைக்காதீர்கள். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ 'சீட்டு' என்றால் ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு. 'பயிற்சிச் சீட்டு' என்று அச்சடித்துக் கொண்டுபோனால், "எத்தனை மாசம் கட்டணும், யார் நடத்துறது?" என்றுதான் முதல் கேள்வி வரும். 'உறுதி அட்டை' என்று சொன்னால் போதும்.

எவ்வளவு வரும்?

தேவையைப் பிடித்துக்கொண்டு இலக்கு வைப்பார்கள். எத்தனை பேர் கேட்கப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் இலக்கு போட வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். 30 பேர் பெயர் கொடுத்தால், அட்டையை நிரப்பிக்கொண்டு வருபவர் 25 என்று வையுங்கள். ஆளுக்கு 8 பெயர் என்றால் 200 பேர். அதில் 140 பேர் 108 ரூபாய், 45 பேர் 216 ரூபாய், 15 பேர் 540 ரூபாய் எழுதினால் மொத்தம் 32,940 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு வராமல் போகும் என்று இப்போதே கழித்துவிடுங்கள். மிச்சம் 26,000 சொச்சம்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் அட்டைகளைக் கூட்டிப் பயனில்லை. இணைத்தொகை தர ஒன்றிரண்டு பேரைப் பிடியுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவரோ, மையத்துக்கு வரும் ஒருவரின் முதலாளியோ, "மக்கள் தருவதற்கு இணையாக 25,000 வரை நான் போடுகிறேன்" என்று சொன்னால் கையில் 50,000 சேரும். 15,000 ரூபாய் வாடகை இடமென்றால் அது மூன்று மாத வாடகையும் செலவும். 'மூன்று மாத வாடகை' என்றே அட்டையில் போடுங்கள். 'யோகா வளர்ச்சிக்கு' என்று போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது.

செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது: அட்டை, ரசீது புத்தகம், வாழைப்பழம், தண்ணீர், ஸ்பீக்கர் வாடகை. தாண்டுகிறதென்றால் எங்கோ டி-ஷர்ட் நுழைந்திருக்கிறது.

தேதி

ஜூன் 21 சர்வதேச யோகா தினம். எல்லாரும் முதலில் அந்தத் தேதியைத்தான் சொல்வார்கள். வடசென்னையில் பணம் திரட்ட அது மோசமான தேதி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள், ஐஸ் கடை முதல் வலை பின்னுபவர் வரை, அப்போதுதான் கடனிலிருந்து தலையெடுக்கத் தொடங்குவார்கள். அதே மாதத்தில் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். வெயிலும் தணிந்திருக்காது.

தை இரண்டாம் பாதியிலிருந்து மாசி முதல் வாரத்துக்குள் வையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், காலை குளிர்ச்சியாக இருக்கும், பொங்கல் செலவின் சூடும் ஆறியிருக்கும். சூரியனுக்குரிய நாளான ரதசப்தமி பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வரும், விரும்பினால் அதை ஒட்டி வைக்கலாம். ஆங்கில மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் நிகழ்ச்சி வந்தால் சம்பளப் பணம் கையில் இருக்கும்போதே வசூலும் நடந்துவிடும். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் விற்பனை உச்சத்தில் இருக்கும். உங்கள் மையத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் வருகிறார்கள் என்றால் சனிக்கிழமையே சரி.

இடம்

ஒருவருக்கு 4 அடிக்கு 8 அடி வேண்டும். 30 பேருக்கு 960 சதுர அடி, எண்ணுபவர்கள் உட்காரும் இடம் தனி. பெரும்பாலான மொட்டை மாடிகளில் இது நடக்காது. நடந்தாலும் விடிகாலைப் பனியில் மாடித் தரையின் ஓடு வழுக்கும், ஜமுக்காளம் விரித்தால் அதுவும் சேர்ந்து நகரும். கடற்கரை மணல் பார்க்க அழகு, ஆனால் மணிக்கட்டு புதைந்து இருபதாவது நமஸ்காரத்திலேயே வலி தொடங்கிவிடும். மண்டபம், சங்கக் கட்டடம், சர்ச் ஹால், பள்ளிக்கூட ஹால் இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் போய்ப் பேசினால் தை மாதத்து ஒரு காலைக்கும் சேர்த்து வாடகை குறைத்துக் கேட்கலாம். மாநகராட்சிப் பூங்கா, விளையாட்டுத் திடல் என்றால் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வார்டு கவுன்சிலர் வாய்மொழியாகச் சொன்னது அனுமதி ஆகாது.

காலை 6 மணிக்கு முன் ஒலிபெருக்கி போடக் கூடாது, அது சட்டம். தெருவில் அனுமதியில்லாமல் பேனரும் கட்டாதீர்கள்.

அட்டையும் நோட்டும்

தபால் அட்டை அளவில் கெட்டி அட்டை. முன்பக்கம் மையத்தை நடத்தும் அறக்கட்டளையின் பதிவுப் பெயர், எதற்கான பணம், நிகழ்ச்சி நாள், பயில்பவர் பெயர், அவருடைய வரிசை எண். பின்பக்கம் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர், போன் எண், முகவரி, மொத்தத் தொகை, 'கொடுத்தாயிற்று' என்று ஒரு கட்டம். 'ஒன்றுக்கு எவ்வளவு' என்ற பத்தி வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே மொத்தத்தையும் எழுதச் சொல்லுங்கள். உற்சாகத்தில் ஒருவர் "ஒண்ணுக்குப் பத்து ரூபா போட்டுக்கோ" என்பார். 1,080 ரூபாய் என்று அவர் மனதில் ஓடியிருக்காது. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தத் தொகையைக் கேட்டால் அடுத்த மாதம்வரை உங்கள் தெருப்பக்கமே வரமாட்டார். "மொத்தம் 1,080 ஆகுதுண்ணே, 108 போதுமா, 216 எழுதட்டுமா?" என்று அப்போதே கேட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

மையத்தில் ஒரே ஒரு பெரிய நோட்டு. அட்டையில் உள்ளதெல்லாம் வாரம் இருமுறை அதில் ஏற வேண்டும். ஏற்றுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் வேறொருவர். அட்டை மழையில் நனையும், பஸ்ஸில் தொலையும், நோட்டு இருந்தால் தப்பிக்கலாம்.

க்யூஆர் அட்டை அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குவது இந்த முறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பணம் அவருடைய கணக்கில் அவர் வருமானம்போல நிற்கும், கொடுத்தவர் பெயருக்கு ரசீது போட ஆதாரம் இருக்காது, கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் கணக்குக் கேட்கும் நாளில் மனவருத்தம் வரும். ஸ்கேன் செய்தால் திரையில் எந்தப் பெயர் வரும் என்பதை அட்டையிலேயே அச்சிடுங்கள். வேறு பெயர் வந்தால் மோசடி என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதும் சரிதான்.

யார் அட்டைக்கு வந்த பணம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி. பயில்பவரின் வரிசை எண் 27 என்றால் 108 ரூபாய் 27 காசு அனுப்பச் சொல்லுங்கள். யுபிஐ காசையும் ஏற்கும். வங்கிக் கணக்கைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். குறிப்புப் பெட்டியில் எழுதச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

கேட்பது

கடைக்காரரிடம் போணி ஆவதற்குமுன் நன்கொடை கேட்டால் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. காலை 11 மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமையும், விளக்கு வைத்த பிறகும் பலர் கையிலிருந்து காசு எடுக்க மாட்டார்கள். அப்போது போனால் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள், அதாவது மொய் வழி அடைபட்டுவிடும்.

பேச்சு நீளக் கூடாது. "அண்ணே, அடுத்த சனிக்கிழமை காத்தால 108 சூரிய நமஸ்காரம் பண்றேன். நம்ம ஏரியாவுல காசு வாங்காம யோகா சொல்லித்தர்ற இடம், வாடகை கட்டணும். ஒண்ணுக்கு ஒரு ரூபான்னு 108 ரூபா. இப்பவே ஸ்கேன் பண்ணிடறீங்களா, ரசீது தரேன்." இதில் நான்கு விஷயம் இருக்கிறது: யார், என்ன செய்கிறார், பணம் எங்கே போகிறது, இப்போதே. முதுகுவலி போன கதையெல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம். "பாதியில நின்னுட்டா?" என்று கிண்டலாகக் கேட்பார்கள். "நின்னா மீதியைத் திருப்பித் தரேன்" என்று சொல்லுங்கள், எவரும் திருப்பி வாங்குவதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பலனில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்பினால்தான் பதில் வரும். பிள்ளைகளைத் தனியாக வீடு வீடாக அனுப்பாதீர்கள். அவர்கள் அட்டையைப் பெற்றோர் வைத்திருக்கட்டும்.

உடம்பு

எண்ணிக்கையை முதலில் வரையறுங்கள். 12 நிலைகள் கொண்ட ஒரு சுற்றுக்கு ஒன்று என்று எண்ணுவதா, வலது கால் ஒரு சுற்று இடது கால் ஒரு சுற்று இரண்டும் சேர்ந்து ஒன்றா? மையத்துக்கு மையம் இது மாறும். இரண்டாவது கணக்கில் 108 என்பது உண்மையில் 216, புதியவர்கள் படுத்துவிடுவார்கள். 12 நிலைக்கு ஒன்று, வலதும் இடதும் மாறி மாறி என்று அட்டையிலேயே போட்டுவிடுங்கள்.

வாரம் மூன்று நாள், ஆறு வாரம்: 12, 24, 36, 54, 72, 90. அதன்பின் நிகழ்ச்சி நடக்கும் வாரம் 24க்கு மேல் வேண்டாம். 90 வரை போகாதவர் அன்று 54 செய்யட்டும், அட்டையிலும் 54 என்றே எழுதட்டும்.

முதலில் கெடுவது மணிக்கட்டு. உள்ளங்கையின் அடிப்பகுதியில் மட்டும் எடையைப் போடுவதால் வருவது அது. விரல்களை நன்றாக விரித்து, விரல் நுனியாலும் தரையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்தது இடுப்பு. களைப்பு ஏற ஏறப் புஜங்காசனத்தில் (பாம்பு படமெடுக்கும் நிலை) முழங்கையைப் பூட்டிவிட்டு இடுப்பை மடக்குவார்கள். 50 தாண்டியதும் எல்லாரும் பாதி உயரம்தான் எழ வேண்டும் என்று விதி வையுங்கள். அஷ்டாங்க நமஸ்காரத்தில் (எட்டு உறுப்பும் தரையைத் தொடும் நிலை) முட்டி முதலில் தரையைத் தொட வேண்டும், நெஞ்சு பிறகு. தொப்பென்று விழுந்தால் தோள்பட்டை பேசும்.

கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அழுத்த நோய், அண்மையில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், விலகிய முதுகுத் தட்டு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. என்ன சாப்பிடுவது, மருந்தை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். விலகியிருக்க வேண்டியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து 108 நாடிசுத்தி, அதாவது நாசி மாற்றி மாற்றி மூச்சுவிடும் பயிற்சி. ஒரு நாசிக்கு 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே, மூச்சை அடக்க வேண்டாம். ஒரு சுற்று 20 வினாடி, மொத்தம் 36 நிமிடம். அந்த அட்டைக்கும் அதே மதிப்புதான்.

ராயபுரத்தில் ஒரே தெருவில் மூன்று மதத்தாரும் இருப்பார்கள். அன்று மந்திரம் சொல்லாமல் எண்ணிக்கை மட்டும் சொன்னால் பயிற்சி கெடாது, வருகிறவர்களும் கூடுவார்கள்.

அன்று காலை

ஒரு சுற்று 30 வினாடி, 12 சுற்று 6 நிமிடம், ஒன்பது தொகுதி 54 நிமிடம். மூன்றாவது, ஆறாவது தொகுதி முடிந்ததும் 3 நிமிட ஓய்வு, மற்ற இடைவெளிகளில் ஒரு நிமிடம். முன்னால் 10 நிமிடம் உடல் தளர்த்தல், பின்னால் 10 நிமிடம் சவாசனம். 6 மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்குள் முடிந்துவிடும். வேகம் கூடவிடாமல் பார்ப்பது ஒருவருடைய வேலை. நாற்பதுக்கு மேல் கூட்டம் தானாகவே ஓடத் தொடங்கும்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டையைவிடச் சிறந்த கருவி இல்லை. பத்துப் பேருக்கு ஓர் எண்ணுபவர். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் 108 கொட்டை, பக்கத்தில் காலிக் கிண்ணம். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை இடம் மாறும். யாராவது நடுவில் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சுற்றின் எண்ணை அவர் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பச் சேர்ந்தால் அதையும். முடிந்ததும் அட்டையில் எண்ணுபவர் கையெழுத்து. போனில் எண்ணினால் நடுவில் அழைப்பு வரும்.

ஆளுக்குக் கைத்துண்டு ஒன்று, வியர்வையில் கை வழுக்கும். தண்ணீர் ஓய்வில் இரண்டு மடக்கு மட்டும். முடிந்ததும் வாழைப்பழம், சுக்கு காபி. தலைசுற்றியவரை உடனே எழுப்பி நிறுத்தாதீர்கள், படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். நெஞ்சுவலி என்றால் 108. அந்த எண்ணை அன்று யாரும் மறக்க வழியில்லை.

வசூல்

முன்பணம் தந்தவர்களுக்கு அன்றே ஒரு போட்டோவும் நன்றியும். தராதவர்களுக்கும் அன்று மாலைக்குள், எண்ணுபவர் கையெழுத்திட்ட அட்டையின் போட்டோவும் க்யூஆரும்: "அக்கா, 108-ம் முடிச்சிட்டேன். நீங்க எழுதின 216." அவ்வளவுதான். மூன்றாம் நாள் நேரில் அல்லது போனில். ஏழாம் நாள் கடைசி முறை. அதற்கு மேல் கேட்காதீர்கள், நோட்டில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுங்கள். 108 ரூபாய்க்காகப் பக்கத்து வீட்டு உறவைக் கெடுத்துக்கொண்டால் அடுத்த வருஷம் அந்தத் தெருவே போய்விடும். கேட்க வேண்டியவர் அட்டைக்காரர்தான், மையம் அல்ல. மையத்திலிருந்து போன் வந்தால் கடன் வசூல் மாதிரி இருக்கும்.

ஏழாம் நாள் முடிந்ததும் கணக்கை மூடி, எவ்வளவு எழுதப்பட்டது, எவ்வளவு வந்தது, செலவு என்ன என்று ஒரு தாளில் மையத்தின் வாசலில் ஒட்டுங்கள். இணைத்தொகை தருபவரிடம் இந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ரசீது, வரி

வரிசை எண் போட்ட, கார்பன் நகலுள்ள ரசீது புத்தகம். 2016 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் அறப்பணி என்ற வரையறைக்குள் யோகா தனியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏபி பதிவும் 80ஜி அனுமதியும் (பழைய சட்டத்தின் பிரிவு எண்கள்) இருந்தால்தான் கொடுத்தவருக்கு வரிச் சலுகை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. 108 ரூபாய் தருபவர் இதையெல்லாம் கேட்க மாட்டார், இணைத்தொகை தருபவர் நிச்சயம் கேட்பார். சலுகை வேண்டுபவரிடம் பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், ரசீதில் அச்சடிக்கும் எண்ணை ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

நிகழ்ச்சி இடத்தில் உண்டியல் வைக்கலாமா என்று கேட்பார்கள். பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் பணம் அநாமதேய நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டும் தொகைக்கு 30 சதவீத வரி. சின்ன மையத்துக்கு அந்த வரம்பு எட்டாது, இருந்தாலும் நோட்டில் பெயர் ஏறாத பணம் தேவையில்லாத கேள்வி.

சிங்கப்பூர், துபாய் உறவினர்கள் அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தருவது) வைத்திருந்தாலும், அனுப்பினால் ஆகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கவே கூடாது, நூறு ரூபாயானாலும். பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பது கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.

கடைக்காரருக்கு நன்றி என்று பெயர் போடலாம். "பட்டுச்சேலைக்கு இங்கே வாருங்கள்" என்று போட்டால் அது விளம்பரம், ஜிஎஸ்டி கேள்வி எழும். மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியைக் கேட்பதானால் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் வேண்டும். அது தனி வேலை, இந்த நிகழ்ச்சியோடு கலக்காதீர்கள்.

80ஜி உள்ள அறக்கட்டளை நன்கொடையாளர் பட்டியலை அந்த நிதியாண்டு முடிந்து மே 31க்குள் இணையத்தில் தாக்கல் செய்து, அங்கிருந்து வரும் சான்றிதழை அவரவருக்கு அனுப்ப வேண்டும். தையில் நிகழ்ச்சி வைத்தால் நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. மார்ச் முதல் வாரத்தில் நோட்டை எடுத்து, பான் விடுபட்ட பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்தந்த அட்டைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.